புளிப் பலகையில் ஜெபீனா

மதியச் சாப்பாடு முடிந்து புருஷன் கடைக்குத் திரும்பி, மாமியார் மாத்திரை போட்டுக்கொண்டு கட்டிலில் சாய்ந்து, எச்சில் பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்தான பிறகு, ஜெபீனாவுக்கென்று கொஞ்சம் நேரம் வரும். வரும் என்று சொல்வதுகூட மிகைதான். வாசலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். நியாயமாக அந்த நேரத்தில் அவள் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். விடிவதற்கு முன்னால் எழுந்து தொழுது, மாமியாருக்குக் கஞ்சி, புருஷனுக்கு இட்லி, கடை ஆட்களுக்கு ஃபிளாஸ்கில் டீ, பிறகு மதியச் சமையல் என்று ஓடுகிறவள். ஆனால் படுக்க மாட்டாள். கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்த பலகையை இழுத்து ஹாலின் நடுவில் போடுவாள். செல்போனை ஷோகேஸ் மேல் ஒரு டம்ளருக்கு முட்டுக் கொடுத்து நிறுத்துவாள். நைட்டியை இடுப்பில் கொஞ்சம் தூக்கிச் செருகி, துப்பட்டாவைக் குறுக்கே முடிந்துகொண்டு பலகை மேல் ஏறுவாள். இறங்குவாள். மறுபடி ஏறுவாள்.

போனில் ஒரு வெள்ளைக்காரி. அவளும் ஏறி இறங்குவாள், ஆனால் கல்யாண வீட்டுக்கு வந்தவள் மாதிரி சிரித்துக்கொண்டே. அவள் பின்னால் இன்னும் நாலைந்து பெண்கள், எல்லோருக்கும் ஒட்டிய வயிறு. இவர்களுக்கு எதற்கு இந்த உடற்பயிற்சி என்பது ஜெபீனாவின் தீராத கேள்வி. சாப்பிட்டு முடித்தவன் பந்தியில் இடம் பிடித்து உட்கார்ந்த கதையாக இருந்தது அது.

அந்த வீடியோவை அனுப்பியவள் மகள் ஜன்னதுல் பிர்தௌஸ். சேலத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். அம்மாவின் முட்டி வலியைப் பற்றி போனில் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், நடக்கத்தான் கூச்சமென்றால் வீட்டுக்குள்ளேயே இதைச் செய் என்று அனுப்பி வைத்தாள். நடப்பதற்குக் கூச்சம் என்றும் சொல்ல முடியாது. கள்ளக்குறிச்சியில் அவர்கள் தெருவில் ஒரு பொம்பளை புர்கா போட்டுக்கொண்டு காரணமில்லாமல் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தால், ஒவ்வொரு வாசலிலும் நின்று பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்லிச் சொல்லியே களைத்து, இரண்டாம் நாளோடு ஜெபீனா அதை விட்டுவிட்டாள்.

பலகை கடையிலிருந்து வந்தது. புருஷன் நவுஷாத்துக்குக் கடைவீதியில் மலைச் சரக்கு வியாபாரம். வெள்ளிமலைக்கு ஜீப்பில் ஏறிப்போய் புளி, கடுக்காய், சாமை, தேன் எல்லாம் பிடித்து வருவான். மூட்டைக்கு ஈரம் ஏறாமல் இருக்க அடியில் போடுகிற கட்டைப் பலகைகளில் ஒன்றை, அவள் கேட்டபோது, எதற்கு என்றுகூடக் கேட்காமல் கொண்டுவந்து போட்டான். எத்தனை தேய்த்துக் கழுவினாலும் அதில் புளி வாசனை போகவில்லை. ஒரு மூலை தூக்கலாக இருந்து லேசாக ஆடும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று தானே தன்னைச் சொல்லிக்கொண்டு, ஜெபீனா அந்த மூலைக்கு அட்டை மடித்துக் கொடுத்தாள்.

இதெல்லாம் இடுப்பு சிறுப்பதற்காக இல்லை. நாற்பது தாண்டிய பிறகு அந்த ஆசையெல்லாம் அவளுக்கு இல்லை. அவளுக்கு நெற்றியைத் தரையில் வைக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஒன்றரை வருஷமாக அவள் நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுகிறாள். முட்டி மடங்கவில்லை. மடக்கினால் உள்ளே எதுவோ கிழிகிற மாதிரி வலி. முடியாதவர்களுக்கு நாற்காலியில் தொழச் சலுகை இருக்கிறது, பாவம் ஒன்றும் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அவளுக்கும் தெரியும். ஆனாலும் எல்லோரும் சஜ்தாவில் நெற்றியை மண்ணில் வைக்கும்போது, தான் மட்டும் நாற்காலியில் இருந்தபடி தலையைத் தாழ்த்துவது, ஒரு வீட்டுக்குப் போய் உள்ளே நுழையாமல் வாசலில் நின்றே பேசிவிட்டு வருவது மாதிரி இருந்தது. போன நோன்பில் அது இன்னும் மோசமானது. அதே தெருவில் முகம்மது கவுஸ் என்பவர் வீட்டு மாடி ஹாலில் தெருப் பெண்கள் எல்லோரும் கூடி இரவுத் தொழுகை தொழுவார்கள். கடைசி வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலிகள், அவற்றில் பல் போன கிழவிகள். புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒரு பெண் பாசமாக ஒரு நாற்காலியை இழுத்து வந்து, உட்காருங்க மாமி என்றாள். முன் வரிசையில் எழுபது தாண்டிய மாமியார் காசிம் பீவி குனிந்து எழுந்து தொழ, மருமகள் பின்னால் நாற்காலியில். பூமி பிளந்து உள்ளே போகலாம் போல இருந்தது ஜெபீனாவுக்கு. அடுத்த நோன்பு வருவதற்குள் தரையில் உட்கார்ந்தே தீருவது என்று அன்றைக்கு நினைத்தாள்.

டாக்டர், எடை குறைந்தால் முட்டி தானாக வழிக்கு வரும் என்றிருந்தார். எனவே வெள்ளைக்காரி.

முதல் சில நாள் வீடியோவில் சத்தம் இருந்தது. டம் டம் என்று பாட்டு, அதற்கு மேல் அவள் குரல். காசிம் பீவி படுத்த இடத்திலிருந்து பொறுத்துப் பார்த்தார். ஒரு நாள் எழுந்து வந்து நின்றார்.

"செய்யறத வேணாங்கல. பாட்டுப் போட்டுகினு வூட்ல குதிக்கிறது நல்லா இல்ல ஜெபீனா. பரகத் போயிடும், வூடு வெளங்காது."

ஜெபீனா மறுபேச்சுப் பேசவில்லை. பேசுவதற்கும் தெம்பு வேண்டுமே. சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டாள். அன்றிலிருந்து வெள்ளைக்காரியின் வாய் அசைந்தது, கை ஆட்டினாள், விரலைக் காட்டினாள், குரல் மட்டும் இல்லை. அசைவுகளுக்கு ஜெபீனா தானே பேர் வைத்துக்கொண்டாள். ஏறி இறங்கு. விரிச்சு மடக்கு. முட்டித் தூக்கு. பலகையைச் சுற்றிப் போய்த் திரும்புவதற்குப் பேர் ஆட்டோ திருப்பம். எது முடிந்து எது வரும் என்பது நாளடைவில் பாடமாகிவிட்டது. ஆட்டம் மாதிரி எல்லாம் ஒன்றோடொன்று கோத்து வரும். ஓர் இடத்தில் மட்டும், முட்டியைத் தூக்கி இறங்கியதும், கால் தடுமாறும். அங்கே அவள் ஒரு சின்னத் தட்டுத் தட்டிச் சரிசெய்துகொள்வாள். எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தாள்.

மாதங்கள் போயின. வேர்த்துக் கொட்டியது. எடை மட்டும் போக மனசில்லாத விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தது. இரவில் கால் தூங்கவிடாது. வலது முட்டி பூரி மாதிரி உப்பிவிட்டது. மருந்து வேலை செய்யும் முன்னால் கொஞ்சம் காட்டத்தான் செய்யும் என்று ஜெபீனா தைலம் தேய்த்துக்கொண்டு, மறுநாள் மறுபடி ஏறினாள். இதில் வீம்பு கொஞ்சம், பயம் நிறைய. நோன்புக்கு இன்னும் அதிக நாள் இல்லை.

அரையாண்டு லீவு மாதிரி ஏதோ ஒரு லீவுக்குப் பிர்தௌஸ் வந்தாள். சின்னசேலத்தில் ரயில் இறங்கியவளை நவுஷாத் போய் பைக்கில் அழைத்து வந்தான். மதியம், அம்மா பலகை போடுவதைப் பார்த்ததும் அவளுக்குக் குஷி. சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. எழுந்து பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள்.

"அம்மா, எந்தக் கால மொதல்ல வெக்கிற?"

"வலது கால."

"எப்பவுமா?"

"எப்பவும்தான். ஏர்றதுக்கு யாராச்சும் எடது கால வெப்பாங்களா?"

பிர்தௌஸ் போனை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினாள். வெள்ளைக்காரி கத்திக்கொண்டிருந்தாள். இப்போது இடது கால், இடது கால் என்கிறாள் என்று மகள் விளக்கினாள். முட்டியைத் தூக்கி இறங்கும் இடத்தில் கால் தானாக மாறும்; மாற வேண்டும். பாதி நேரம் வலது, பாதி நேரம் இடது. இவளோ அங்கே ஒரு தட்டுத் தட்டி, மாறப்போன காலைத் திரும்ப வலதுக்கே கொண்டுவந்துவிடுகிறாள்.

ஜெபீனா பலகை மேல் உட்கார்ந்துவிட்டாள். வேறு எப்படிச் செய்வாள்? வீட்டுக்குள் நுழைய வலது கால். கல்யாணமாகி இந்த வாசலில் ஏறியதும் வலது கால். புதுச் செருப்பு வலது காலில்தான் முதலில். இடது கால் முன்னால் போகிற ஒரே இடம் கக்கூஸ். சின்ன வயசில் மறந்துபோய் இடது காலை வைத்து உள்ளே வந்தால், அவள் அம்மா திரும்ப வெளியே அனுப்பி மறுபடி வரச் சொல்வார். புத்தியில் இருந்தால் மாற்றிக்கொள்ளலாம், இது காலிலேயே இருந்தது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் அடி, உரலுக்கு ஒரே பக்கம் இடி என்பார்கள். அவள் தன் வலது முட்டியை உரலாக்கி, மாதக்கணக்கில் தன் உடம்பையே அதில் போட்டு இடித்திருக்கிறாள்.

கோபம் வந்தது. சத்தத்தை நிறுத்தச் சொன்ன மாமியார் மேல் வந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லாத தன் மேல் வந்தது. சிரித்துக்கொண்டே இருக்கிற வெள்ளைக்காரி மேல் எல்லாவற்றையும்விட அதிகமாக வந்தது. அழுகையும் வந்தது, ஆனால் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரமாகிவிட்டது. மாமியார் எழுந்தால் டீ கேட்பார். எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

பிர்தௌஸ் சேலம் திரும்பிய பிறகு ஜெபீனா பலகையைத் தொடவில்லை. மதியம் படுத்தாள். தூக்கம் வரவில்லை, ஆனாலும் படுத்தாள். எல்லாவற்றிலும் பாதியைத்தான் தனக்கு எழுதியிருக்கிறது, தொழுகையும் பாதியாகவே இருக்கட்டும் என்று இருந்தது. அந்த வாரம் மலையில் புளி உலுக்கி முடித்து மூட்டை இறங்க ஆரம்பித்தது. நவுஷாத் வந்து பலகையைத் தூக்கித் தோளில் வைத்தான். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அதான் செய்யறது இல்லியே," என்றான். குத்திக் காட்டிச் சொல்லவில்லை. இருப்பதைச் சொன்னான். அதுதான் அதிகமாகக் குத்தியது.

பலகை போன இடம் வெறுமையாகத் தெரிந்தது. அன்று மதியம் அவள் மாமியாரின் கட்டில் பக்கம் போய் நின்றாள். சொல்ல நினைத்ததை அடுப்படியில் நின்று பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.

"சத்தம் இல்லாம செஞ்சதுல கால மாத்தணும்னு தெரியாம போச்சு மாமி. முட்டி வீங்கினது அதனாலதான்."

காசிம் பீவி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். காதில் விழவில்லை போல என்று ஜெபீனா திரும்பினாள்.

"சத்தத்த கொறச்சலா வெச்சுக்க," என்றார் கிழவி.

மொட்டை மாடிக்குப் போகும் படிக்கட்டின் முதல் படி தாழ்ந்த படி. மீட்டர் பெட்டி மேல் போனை வைத்தாள். சத்தம் ஈ ரீங்காரம் அளவுக்கு. மனசுக்குள் பிஸ்மி சொல்லி, மன்னிப்பும் கேட்டுக்கொண்டு, இடது காலைப் படியில் வைத்தாள். அது நடுங்கியது. இத்தனை வருஷமும் பின்னால் வந்தே பழகிய கால், முன்னால் போ என்றால் வெட்கப்பட்டது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் ஏற முடிந்தது. அதற்குள் வெள்ளைக்காரி எங்கேயோ போய்விட்டாள். போகட்டும் என்று ஜெபீனா தன் போக்கில் ஏறி இறங்கினாள். முடிந்த நாள் செய்தாள். முடியாத நாள் முதல் படியில் உட்கார்ந்து, அந்தப் பெண்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முட்டியின் வீக்கம் மெல்ல வடிந்தது. களைப்பு வடியவில்லை. அது முட்டியில் இல்லையே.

நோன்பு பிறக்க இரண்டு மூன்று நாள் இருந்தது. வீட்டில் வேலை இரட்டிப்பு. கஞ்சிக்கு அரிசி உடைக்க வேண்டும், ஒட்டடை அடிக்க வேண்டும், திரைச்சீலை துவைக்க வேண்டும். அன்று மதியம் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோது ஜெபீனாவின் இடுப்பு இரண்டாக ஒடிந்துபோயிருந்தது. நவுஷாத் பள்ளிவாசலுக்குப் போயிருந்தான். தொழுதுவிட்டு வந்ததும் சாப்பாடு கேட்பான். அவள் முகம் கை கால் கழுவி ஒளு செய்துகொண்டு அறைக்குள் போய், தொழுகை விரிப்பை விரித்தாள். நாற்காலியை இழுக்கப் போன கை நின்றது. இன்றைக்குப் பார்த்துவிடுவது என்று தோன்றியது. தெம்பு வந்து எடுத்த முடிவு இல்லை. நாற்காலியை இழுக்கவும் அலுப்பாக இருந்தது. காலால் அதை ஓரமாகத் தள்ளிவிட்டு நின்று தொழ ஆரம்பித்தாள்.

குனிந்தாள், நிமிர்ந்தாள். பிறகு கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். இடது முட்டி விரிப்பைத் தொட்டது. வலது முட்டி பாதியில் நின்று யோசித்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். சுரீரென்று ஒரு வலி தொடைவரை ஓடியது. பிறகு கை, பிறகு மூக்கு, பிறகு நெற்றி.

விரிப்பின் பழைய பஞ்சு வாசனை மூக்கில் ஏறியது. சொல்ல வேண்டியதைச் சொன்னாள். கொஞ்சம் நிமிர்ந்து, ஒருச்சாய்த்து உட்கார்ந்து, இரண்டாம் முறை நெற்றியை வைத்தாள். அதற்குப் பிறகு எழுந்து நிற்க வேண்டும். எழ முடியவில்லை. முட்டி இரண்டும் பூட்டிக்கொண்டன. கட்டில் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. கையைத் தூக்கத்தான் தெம்பு இல்லை.

வெளியே பைக் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம். ஜெபீனா என்று நவுஷாத் கூப்பிட்டான். இரண்டாம் முறை கூப்பிட்டுக்கொண்டே அறைவரை வந்தவன், வாசலில் நின்றுவிட்டான். அப்படியே பின்வாங்கினான். தொழுதுகொண்டிருக்கிறாள் என்று அம்மாவிடம் தணிந்த குரலில் சொல்வது கேட்டது. போன் அடித்தது. யாரோ எடுத்து அமர்த்தினார்கள். தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதையும் யாரோ நிறுத்தினார்கள்.

யாரும் அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிட முடியாது. சஜ்தாவில் இருக்கிறவளை யார் கூப்பிடுவார்கள்? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் பகல் வேளையில் தன்னை ஒருவரும் கூப்பிடாமல் இருந்த நேரம் எது என்று யோசித்தாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. செத்து மய்யித்தானால்தான் இப்படிக் கிடக்க விடுவார்கள் என்று எண்ணியிருந்தாள். ரப்பே, எனக்கு அசதியாக இருக்கிறது என்றாள் மனசுக்குள். நோய் தீரவோ, மகள் படிப்புக்கோ, கடைக்கோ ஒன்றும் கேட்கவில்லை. அசதியாக இருக்கிறது என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். கண்ணீர் மூக்கு வழியாக ஓடி விரிப்பில் விழுந்தது.

கொஞ்ச நேரத்தில் முட்டியின் பூட்டு விட்டது. இப்போது எழலாம் என்று தெரிந்தது. எழவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கிடந்தாள்.

பிறகு கட்டிலைப் பிடித்து எழுந்து, மீதியையும் அப்படியே இறங்கி ஏறி முடித்து, இரண்டு பக்கமும் ஸலாம் கொடுத்துத் தலையைத் திருப்பியபோது, அறை வாசலில் காசிம் பீவி நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ. ஓரமாகக் கிடந்த நாற்காலியையும் தரையில் இருந்த மருமகளையும் பார்த்தார்.

"யாருக்காவ இவ்ளோ நேரம் துவா கேட்டுகினு இருந்த? புள்ளைக்கா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். கிழவிக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். தொழுத இடத்தில் உட்கார்ந்துகொண்டு பொய் சொல்ல வாய் வரவில்லை.

"யாருக்கும் இல்ல மாமி. அசதியா இருந்திச்சு. அப்டியே கெடந்துட்டேன்."

சொன்ன பிறகு பயமாக இருந்தது. தொழுகையைப் போய்ப் படுக்கை ஆக்கிவிட்டாயே என்று கேட்டால் பதில் இல்லை. காசிம் பீவி அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். நவுஷாத் அங்கே மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. கரண்டி ஒன்று கீழே விழுந்தது. ஜெபீனா கட்டில் விளிம்பைப் பிடித்து எழப் பார்த்தாள்.

"இன்னும் ரெண்டு ரக்அத் சுன்னத் தொழுகை பாக்கி இருக்குது இல்ல," என்றார் மாமியார். "மெதுவா தொழு."

கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு போனார். ஊறுகாய் எங்கே என்று நவுஷாத் கேட்டதும், கண்ணு இல்லையா, நீயே பாத்து எடுத்துக்க என்று அவர் சொன்னதும் கதவுக்கு அந்தப் பக்கம் கேட்டது.